வான்கோழி வேட்டைக்கு முதல் ஷாட்கன்: 12 கேஜா, 20 கேஜா?

கேள்வி: வட கரோலினாவில் வசிக்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. அலுவலக நண்பர் ஒருவர் வரும் வசந்த காலத்தில் வான்கோழி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டேன், துப்பாக்கி இனிமேல்தான் வாங்க வேண்டும். "12 கேஜ் வாங்கு, மூன்றரை அங்குலத் தோட்டா போடுகிற மாதிரி பார்த்து வாங்கு" என்கிறார் நண்பர். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், ஒல்லியான உடம்பு. எல்லாம் சேர்த்து 700 டாலருக்குள் முடிக்கப் பார்க்கிறேன். அவர் சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: இருபது வருடத்துக்கு முன்னால் என்றால் நானும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருப்பேன். இன்றைக்கு உங்களுக்கு என் பரிந்துரை 12-ஐவிடச் சின்னக் குழலான 20 கேஜ், மூன்று அங்குலத் தோட்டா போடக்கூடிய பம்ப் ஷாட்கன், அதாவது முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது. மிச்சப்படும் பணத்தை நல்ல தோட்டாவுக்கும், அதைத் தாளில் சுட்டுப் பார்ப்பதற்கும் செலவழியுங்கள்.

காரணம் வான்கோழியை எங்கே சுடுகிறோம் என்பதில் இருக்கிறது. வளர்ந்த சேவல் ஒன்று இருபது பவுண்டு வரை வரும். அதன் உடம்பில் சுடக்கூடாது. அடுக்கடுக்கான இறகும், இறக்கை எலும்பும், தடித்த மார்புச் சதையும் ரவையை, அதாவது தோட்டாவிலிருந்து பாயும் சின்ன உலோக உருண்டைகளை, தாங்கிக்கொள்ளும். அடிபட்ட பறவை ஓடும், பறக்கவும் செய்யும், எங்கோ புதரில் போய்ச் சாகும். அதனால் குறி எப்போதும் தலையும் கழுத்தும்தான். மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ சில ரவைகள் பட்டால் நின்ற இடத்திலேயே விழுந்துவிடும். வாத்தையும் காடையையும் சுடுகிறவர்கள் பறக்கும் பறவையோடு துப்பாக்கியை வீசிச் சுடுவார்கள், அவர்களுக்கு ரவை பரவ வேண்டும். நீங்கள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டையின் குரலில் சேவலை அழைத்து, அது தலையைத் தூக்கி நிற்கும் ஒரு நொடிக்காகக் காத்திருப்பீர்கள். அங்கே ரவை நெருங்கி விழ வேண்டும், குறியும் துல்லியமாக இருக்க வேண்டும். கையில் இருப்பது ஷாட்கன் என்றாலும் பயன்படுத்தும் விதம் ரைஃபிளுக்குத்தான் நெருக்கம்.

சரி, நண்பர் ஏன் 12 கேஜ் என்கிறார்? கேஜ் எண் குறைந்தால் குழல் பெரிது. 12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜுக்கு 15.6. ஈய ரவை மட்டுமே இருந்த காலத்தில் தலைக்குப் போதுமான ரவைகளைச் சேர்க்க ஒரே வழி பெரிய தோட்டாதான். 1988-ல் மாஸ்பெர்க் 835 துப்பாக்கியோடு மூன்றரை அங்குல 12 கேஜ் தோட்டா சந்தைக்கு வந்தது. ஒரு தலைமுறை வான்கோழி வேட்டைக்காரர்கள் அதில் பழகியவர்கள்.

அந்தக் கணக்கை மாற்றியது டங்ஸ்டன் ரவை. டி.எஸ்.எஸ். (டங்ஸ்டன் சூப்பர் ஷாட்) என்ற பெயரில் கடையில் கேளுங்கள். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11 கிராம் சொச்சம், டி.எஸ்.எஸ். 18 கிராம். எடை இப்படிக் கூடியதால் ரவையைப் பொடியாக்க முடிந்தது. ஈயத்தில் மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள 5-ம் எண் ரவை ஊடுருவும் ஆழத்தை டங்ஸ்டனில் இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள 9-ம் எண் ரவையே ஏறக்குறைய தந்துவிடுகிறது. ஒன்றேமுக்கால் அவுன்ஸ் ஈயம் போட்ட 12 கேஜ் தோட்டாவில் 5-ம் எண் ரவைகள் முந்நூறுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒன்றரை அவுன்ஸ் டி.எஸ்.எஸ். போட்ட 20 கேஜ் தோட்டாவிலோ ஐந்நூறைத் தாண்டும். சின்னத் துப்பாக்கி, அதிக ரவை. முன்பு சிறுவர்களின் துப்பாக்கியாக மட்டும் பார்க்கப்பட்ட, 20 கேஜைவிடவும் சின்ன .410 கூட இப்போது வான்கோழிக்குப் போவது இதனால்தான்.

விலைதான் வயிற்றைக் கலக்கும். ஒரு தோட்டா பத்து டாலரைச் சுலபமாகத் தாண்டும், பெட்டிக்கு ஐந்துதான். ஆனால் ஒரு பருவத்தில் பறவையைப் பார்த்துச் சுடப்போவது ஒன்றோ இரண்டோ. பயிற்சிக்கு மலிவான இலக்குத் தோட்டாக்கள் இருக்கின்றன. ஈயமே போதும் என்று முடிவு செய்தால் 20 கேஜில் 30 கஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் வேட்டையாடும் வாசகர்களுக்கு அந்த யோசனையே வேண்டாம். 2019 ஜூலை முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது.

அடுத்து உதை, அதாவது சுட்டதும் துப்பாக்கி தோளைப் பின்னால் தள்ளுவது. இரண்டு அவுன்ஸ் ரவை போட்ட மூன்றரை அங்குல 12 கேஜ் தோட்டா, சாதாரண மான் வேட்டை ரைஃபிளைவிட இரண்டு மடங்குக்கு மேல் தோளில் உதைக்கும். நின்று சுடும்போது உடம்பு பின்னால் போய் அதை வாங்கிக்கொள்ளும். மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் போக இடமில்லை, முழுதும் உங்களுக்கே. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுவதும் தோளை முன்னே தள்ளுவதும் பழக்கமாகிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்றரை அங்குலத்தைப் பரிந்துரைக்கிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

உங்கள் உயரத்துக்கு கேஜைவிட முக்கியமானது பின்கட்டையின் நீளம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள தூரம் பெரும்பாலான துப்பாக்கிகளில் 14 அங்குலம் அல்லது அதற்கு மேல். உங்களுக்கு 13 பக்கம் சரியாக வரும். கடையில் நின்றபடி தோளில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேட்டைக்குப் போடும் தடித்த மேலாடையைப் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, துப்பாக்கியை முழங்கால்மேல் தாங்கிப் பாருங்கள். கழுத்தை நீட்டாமலே கன்னம் கட்டையில் பதிந்து, கண் நேராகக் குறியில் விழ வேண்டும். சிறுவர் மாடல் என்று பெயர் போட்ட குட்டைக் கட்டைத் துப்பாக்கி பொருந்தினால் வெட்கப்படாமல் வாங்குங்கள். குழல் 22 அங்குலம் முதல் 24 அங்குலம் வரை இருந்தால் புதருக்குள் கையாளச் சுலபம். மேற்பரப்பு பளபளக்கக் கூடாது, வான்கோழியின் பார்வை அவ்வளவு கூர்மை.

மாடல்களில் உங்கள் தொகைக்கு மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 இரண்டும் காலத்தால் சோதிக்கப்பட்ட பம்ப்கள். என் சாய்வு மாஸ்பெர்க் பக்கம். அதன் பாதுகாப்புப் பொத்தான் மேலே, கட்டைவிரலுக்கடியில் இருப்பதால் இடக்கைக்காரருக்கும் வசதி, உட்கார்ந்த நிலையில் சத்தமில்லாமல் நகர்த்தவும் முடியும். இன்னும் மலிவாக வேண்டும் என்றால் ஸ்டீவன்ஸ் 301 என்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியின் வான்கோழி மாடல் இருக்கிறது. குழல் வாயில் ரவையை இறுக்கும் சோக், டி.எஸ்.எஸ்.ஸுக்கென்றே அமைத்தது, அதோடு வருகிறது. எடை குறைவு என்பதால் உதை கூடும், வேறு எதற்கும் பெரிதாகப் பயன்படாது. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ, அதுவும் வாயு அழுத்தத்தில் இயங்குவது, உதையை நன்றாகக் குறைக்கும். ஆனால் நல்லதாக வாங்கினால் உங்கள் பட்ஜெட்டை முழுதாக விழுங்கிவிடும்.

குழலின் வாயில் திருகும் சோக்தான் ரவைக் கூட்டத்தை இறுக்குவது. 20 கேஜ் வான்கோழிச் சோக்குகள் பெரும்பாலும் .555 முதல் .570 அங்குலம் வரை இருக்கும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்று நினைக்க வேண்டாம். ஒரு அளவுக்கு மேல் இறுக்கினால் ரவை சிதறத்தான் செய்யும். டி.எஸ்.எஸ். கடினமான உலோகம், அதைப் போடலாம் என்று சோக்கின் தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். வான்கோழிச் சோக் வழியே எஃகு ரவை சுடுவதையும் தவிருங்கள்.

இனி தாள். ஒரே மாடல், ஒரே சோக், ஒரே தோட்டா என்றாலும் இரண்டு துப்பாக்கிகள் ஒரே மாதிரி போடாது. பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே சுடுதளத்துக்குப் போங்கள். முதலில் மலிவான தோட்டாவால் 20 கஜத்தில் சுட்டு, ரவைக் கூட்டத்தின் நடு, குறி வைத்த இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். இறுக்கமான சோக் போட்டதும் மேலேயோ பக்கவாட்டிலோ விலகிப் போகிற துப்பாக்கிகள் நிறைய. அதனால்தான் குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் ஒற்றை மணியை நம்பாமல், திருப்பிச் சரிசெய்யக்கூடிய ஒளியிழைக் குறிகளோ, கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட்டோ வேண்டும் என்கிறேன். உங்களுக்கு ஆஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவில் உள்ள பார்வைக் குறை) இருந்தால் ரெட் டாட் புள்ளி வால்முளைத்தாற்போல் இழுபடும். வாங்குமுன் கண்ணில் வைத்துப் பாருங்கள்.

பிறகு வேட்டைத் தோட்டாவால் 40 கஜத்தில், ஒரு தாளுக்கு ஒரு தோட்டா. ரவை அடர்ந்து விழுந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல விட்டத்தில் வட்டம் வரைந்து, உள்ளே இருக்கும் துளைகளை எண்ணுங்கள். நூறு வந்தால் போதும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு. நூறு வந்தும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம் இருந்தால் அந்தத் தோட்டாவை மாற்றுங்கள். 40 கஜத்தில் தேறவில்லை என்றால் 35-ல் பாருங்கள். எங்கே தேறுகிறதோ அதுதான் காட்டில் உங்கள் எல்லை, நண்பரின் துப்பாக்கி எவ்வளவு தூரம் போனாலும் சரி. கடைசியாக 12 கஜத்தில் ஒன்று சுடுங்கள். ரவையெல்லாம் ஒரு சாத்துக்குடி அளவில் விழுந்திருக்கும். பக்கத்தில் வந்த சேவலைத் தவறவிடுகிறவர்கள் ஏன் அத்தனை பேர் என்று அப்போது விளங்கும்.

கணக்கு இப்படி வரும்: பம்ப் துப்பாக்கிக்கு 450 டாலர் பக்கம், டி.எஸ்.எஸ். இரண்டு பெட்டிக்கு 120, பயிற்சித் தோட்டாவும் தாளும் 30, தோள்வார் 25. மீதியை வரிக்கும், தேவைப்பட்டால் வேறு சோக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ரெட் டாட் அடுத்த வருடம்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கிரீன் கார்டு இருப்பதால் கடையில் துப்பாக்கி வாங்குவதற்கான கூட்டாட்சி அரசின் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் வாங்கலாம். எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் வாசகர்கள் கவனிக்க: தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அமெரிக்காவில் முறையாகப் பெற்ற, காலாவதியாகாத வேட்டை உரிமம் அதற்கு ஒரு விதிவிலக்கு. உரிமம் கையில் இல்லாமல் நண்பரின் துப்பாக்கியைச் சும்மா வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுகூடச் சிக்கலாகலாம். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போங்கள். எத்தனை தோட்டா நிரப்பலாம், எந்த ரவை அளவு கூடாது என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்த வருடத்து விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர் 12 கேஜ், நீங்கள் 20 என்று ஒன்றாகப் போகும்போது இரண்டு தோட்டாக்களும் ஒரே பையில் இருக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய்ப் பாதியில் அடைத்துக்கொள்ளும். தோட்டா போடவில்லை என்று நினைத்து அதன்பின் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்திருப்பது இந்த ஆபத்துக்காகத்தான். விடியலுக்கு முந்தைய இருட்டில் நிறம் தெரியாது என்பதால், முதல் நாள் இரவே அவரவர் தோட்டாவை அவரவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.