பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை: மதர்போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். போன வாரம் மழையில் கரண்ட் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. மறுநாள் காலை பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை, சத்தமும் இல்லை. கடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு, இந்த மாடல் இப்ப வர்றதில்ல, ப்ராசஸரோட சேர்த்து மாத்திடுங்க" என்கிறார்கள். அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லை. என் கணவருக்கு வயரிங் வேலை தெரியும், வீட்டில் மல்டிமீட்டரும் இருக்கிறது. நாங்களே சோதித்துப் பார்க்க முடியுமா? ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் வேலையெல்லாம் போய்விடுமா?
ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஹார்ட் டிஸ்க் பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்பதால் டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடாது. இந்த மாதிரிப் பழுதில் பெரும்பாலும் டிஸ்க் தப்பித்துவிடும். அதைக் கழற்றி, சாட்டா - யுஎஸ்பி கேபிள் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரிலோ லேப்டாப்பிலோ செருகினால் ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் என்றால் தனி அடாப்டரோடு வருகிற கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். யுஎஸ்பியில் வரும் கரண்ட் அதற்குப் போதாது.

இனி பழுதுக்கு வருவோம். மல்டிமீட்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதும். ஐந்து நிமிடத்தில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்ல முடியுமா என்றால், மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் முடியும். வைக்காமல் சொல்லியிருந்தால் அது ஊகம்தான்.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். கேபினெட் முன்னால் இருக்கும் பட்டன், லைட் சுவிட்ச் மாதிரி 230 வோல்ட்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச் இல்லை. பழைய ஏடி வகைக் கம்ப்யூட்டர்களில் அப்படித்தான் இருந்தது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில் அது மாறியது. இப்போது பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டதுமே எஸ்எம்பிஎஸ்ஸின் (சுவர் கரண்டை மாற்றி உள்ளே எல்லாவற்றுக்கும் கொடுக்கும் பெட்டி) ஒரு சின்னப் பகுதி விழித்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் அது மதர்போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதை ஸ்டாண்ட்பை என்பார்கள், ஊதா வயரில் வரும். நீங்கள் பட்டனை அழுத்தும்போது மதர்போர்டுக்கு ஒரு தகவல் மட்டும் போகிறது. மதர்போர்டு உடனே பச்சை வயரின் வோல்டேஜைக் கீழே இழுக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் எஸ்எம்பிஎஸ் முழுதாக ஓட ஆரம்பிக்கிறது. ஆக, சுவர், கேபிள், எஸ்எம்பிஎஸ், ஊதா வயர், பட்டன், மதர்போர்டு, பச்சை வயர், மறுபடியும் எஸ்எம்பிஎஸ். இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: அசைவில்லை. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

சுவரிலிருந்து தொடங்குங்கள். யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். பேட்டரி செத்துப்போன யுபிஎஸ் பல, லைனில் கரண்ட் இருந்தாலும் வெளியே விடுவதில்லை. பிளக் பாயின்ட்டைச் சோதிக்கப் போன் சார்ஜரைச் செருகிப் பார்ப்பார்கள். அதை நம்பாதீர்கள், சார்ஜர் 100 வோல்ட்டிலேயே வேலை செய்துவிடும். டேபிள் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். வோல்டேஜ் குறைவாக இருந்தால் வேகத்திலேயே தெரிந்துவிடும். பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். பல மானிட்டர்களுக்கு அதே கேபிள்தான், அதையே கழற்றிப் போடலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அது ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். துடைக்கும்போது கைபட்டு அணைந்துபோன கேஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கரண்ட் போய்ப் போய் வந்ததாகச் சொன்னதால், உங்களுக்கு முக்கியமானது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பாதுகாப்புச் சுற்று உண்டு. வோல்டேஜ் தாறுமாறாக வந்தால் அது பூட்டிக்கொண்டு நின்றுவிடும். கேபிளை முழுதாகப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செருகிப் பாருங்கள். சில நேரம் இதோடேயே வேலை முடிந்துவிடும்.

முடியவில்லையா? சரி, பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கரண்ட் இருக்கும்போது மதர்போர்டில் ஏதாவது சின்ன விளக்கு எரிகிறதா, நெட் கேபிள் செருகும் இடத்தில் விளக்கு மினுக்குகிறதா, மவுஸின் அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று தெரிந்தாலும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் வருகிறது என்று அர்த்தம். ஆனால் எல்லா போர்டிலும் இப்படி விளக்கு இருக்காது. அதனால் எதுவும் எரியவில்லை என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள்.

இப்போது பட்டன். எல்லாரும் கடைசியில் பார்ப்பது இதைத்தான். ஆறு வருடம் தினமும் அழுத்திய பட்டன், கடற்கரைக் காற்றும் தூசியும் படும் ஊர்களில் சுலபமாகப் போய்விடும். மதர்போர்டின் ஓரத்தில் 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதிய இரண்டு பின் கனெக்டர் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரே ஒரு நொடி தொட்டு இணையுங்கள். அங்கே 5 வோல்ட்டுக்கு மேல் இருக்காது, ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்களை மட்டும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தால் பழுது பட்டனில்தான். ரீசெட் பட்டனின் கனெக்டரை எடுத்து அந்த இடத்தில் செருகிவிட்டால் போதும், இனி ரீசெட்டை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும். ஒரு ரூபாய் செலவில்லை. மதர்போர்டே மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரை இப்படித்தான் ஓட வைத்தேன். அது எத்தனை வருடம் முன்னால் நடந்தது என்றாலும், இன்றும் நான் கேபினெட்டைத் திறந்ததும் முதலில் கை வைப்பது அந்த இரண்டு பின்களில்தான்.

பட்டனும் சரியென்றால் மீட்டரை எடுக்க வேண்டும். உங்கள் கணவருக்குப் பழக்கம் இருக்கும். டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். மதர்போர்டில் செருகியிருக்கும் பெரிய 24 பின் கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கம் வயர் நுழைகிற ஓட்டையில் மீட்டரின் சிவப்பு முனையை மெதுவாக இறக்குங்கள். கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு வயரின் ஓட்டையில் வையுங்கள்.

முதலில் ஊதா வயர். 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, 24 பின் கனெக்டரைக் கழற்றி, மறுபடி கரண்ட் கொடுத்து அளந்து பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, மதர்போர்டின் மேல் பழி போட வேண்டியதில்லை. கழற்றியதும் 5 வோல்ட் வருகிறது என்றால் போர்டிலோ அதில் செருகியிருக்கும் ஏதோ ஒன்றிலோ ஷார்ட் இருக்கிறது. முதலில் யுஎஸ்பியில் இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். முன்பக்க யுஎஸ்பி ஓட்டையில் தகடு வளைந்து ஒட்டிக்கொண்டிருந்தாலே இப்படி ஆகும்.

அப்புறம் பச்சை வயர். பட்டனை அழுத்தாதபோது சுமார் 3 முதல் 5 வோல்ட் வரை காட்டும். முனையை அதிலேயே வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். கடைக்காரர் சொன்னது உண்மையா என்று தெரிவது இந்த இடத்தில்தான். இறங்கியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் மதர்போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது. ஒன்று எஸ்எம்பிஎஸ் ஓடவில்லை, இல்லையென்றால் எங்கோ ஷார்ட் இருப்பதால் அது உடனே நின்றுவிடுகிறது. ஊதாவில் 5 வோல்ட் இருந்தும், பின்களைத் தொட்டு இணைத்தும், பச்சை இறங்கவே இல்லை என்றால்தான் மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர் 2032 பேட்டரியை எடுத்து, பத்து நிமிடம் கழித்துப் புதிதாக ஒன்று போடுங்கள். பேட்டரியால் இந்தப் பழுது வருவது குறைவுதான், ஆனால் போர்டையே மாற்றுவதற்கு முன் அந்தச் சின்னச் செலவு தகும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கி, எல்லாக் கனெக்டரையும் கழற்றிவிட்டு, 24 பின் கனெக்டரில் பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் நடுவே ஒரு சின்ன வயர் துண்டைச் செருகுங்கள். பழைய டிவிடி டிரைவ் ஒன்றை லோடாக மாட்டிவிட்டு கரண்ட் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் மட்டும் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் ஊதாவுக்குச் சொன்ன அதே அளவு, ஆரஞ்சில் சுமார் 3.3 வோல்ட் இருக்க வேண்டும். சில எஸ்எம்பிஎஸ்களில் லோடு குறைவாக இருக்கும்போது ஃபேன் சுற்றாது, அங்கே மீட்டர் சொல்வதுதான் கணக்கு. உங்களுடையதில் எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் தோராயமாக எண்ணிச் செருகாதீர்கள். அதன் கையேட்டில் உள்ள பின் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

தனியாக நன்றாக ஓடுகிறது, மதர்போர்டில் மாட்டினால் மட்டும் அசைவில்லை, அல்லது ஒரு நொடி துடித்து நிற்கிறது என்றால், ஷார்ட்டைத் தேட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், ராம், முன்பக்க யுஎஸ்பி கேபிள் எல்லாவற்றையும் கழற்றி, போர்டும் ப்ராசஸரும் மட்டும் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். ஃபேன் சுற்றினால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள், எதை மாட்டியதும் நிற்கிறதோ அதுதான் பழுது. அப்போதும் சுற்றவில்லையென்றால் ப்ராசஸருக்குப் பக்கத்தில் செருகும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் பிடுங்கிப் பாருங்கள். அதைப் பிடுங்கியதும் ஃபேன் சுற்றினால், ப்ராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியில் மாஸ்ஃபெட் என்ற சின்னப் பாகம் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். இது போர்டு பழுதுதான், ஆனாலும் சிப் லெவல் சர்வீஸ் (போர்டில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றும் வேலை) செய்பவர்கள் மாற்றித் தரக்கூடியது. ப்ராசஸரோடு தூக்கிப் போட அவசியமில்லை.

மழைக்காலத்தில் இன்னொன்றும் நடக்கும். வெதுவெதுப்பான இடம் தேடி எறும்பும் பல்லியும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் புகுந்துவிடும். கருகிய நாற்றம் வந்தால் இதுவாகவும் இருக்கலாம். ஆனால் தயவுசெய்து அதை நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். உங்கள் கணவருக்கு வயரிங் தெரியும் என்றாலும் இதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கரண்ட் போய் வந்த மறுநாள், துடிப்பே இல்லாத பழுது என்றால், என் சந்தேகம் முதலில் எஸ்எம்பிஎஸ் மேல்தான் போகிறது. அதுதான் என்றால், வாங்கும்போது அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 450 வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால், ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மொத்தமாகக் கிடைப்பது 168 வாட்தான். கேபிள்கள் தனியாகக் கழற்றும் வகை என்றால், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. செருகும் முனை ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கலாம், அப்படியிருந்தால் ஹார்ட் டிஸ்க் எரிந்துவிடும். இதுவரை தப்பித்த உங்கள் வேலையெல்லாம் அப்போதுதான் உண்மையிலேயே போகும்.

மறுபடி கடைக்குப் போக நேர்ந்தால் ஊதாவில் எவ்வளவு, பச்சையில் அழுத்தும் முன் எவ்வளவு, அழுத்தியதும் எவ்வளவு என்ற மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அதை வைத்துக்கொண்டு பேசுங்கள்.