மேளம் கேட்டால் அப்பா நடக்கிறார், வீட்டில் நின்றுவிடுகிறார்: மூளை பற்றிச் சில கேள்விகள்

மூளை அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி வேலையில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்ற அக்கா, மொரீஷியஸ் நம்மவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எபேனில் கால்சென்டர், ராத்திரி ஷிப்ட். பகலில் எவ்வளவு தூங்கினாலும் அசதி போகவில்லையே, அக்கா?

தம்பி, பார்வை நரம்புகள் இரண்டும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு முடிச்சு இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். விழித்திரை அதற்கு வெளிச்சத்தின் அளவைச் சொல்லும். அங்கிருந்து கிளம்பும் கட்டளை தண்டுவடத்தில் இறங்கி, கழுத்து வழியாகத் திரும்ப மேலே ஏறி, மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பிக்குப் போகிறது. இருட்டினால்தான் அதில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும். நீங்கள் காலை வெயிலில் வீடு திரும்பினால், பகல் தொடங்கிவிட்டது என்று கடிகாரம் முடிவு செய்துவிடும். பஸ்ஸில் வந்தால் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். வண்டி ஓட்டினால் வேண்டாம், கண் சொக்கிவிடும். படுக்கும் அறையை நன்றாக இருட்டாக்குங்கள்.

பாரிஸ் போன மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிட்னி போன தம்பி ஒரு வாரம் தூங்கவில்லை. ஏன்?

பாரிஸுக்கும் நமக்கும் 2 அல்லது 3 மணி நேரம்தான் வித்தியாசம். சிட்னிக்கு 6 அல்லது 7, அதுவும் கிழக்கே; கடிகாரத்தை முன்னே தள்ளுவது இன்னும் கஷ்டம். அந்தக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். காவடி ஊர்வலத்தில் மேளத்துக்குப் பின்னால் மட்டும் ஜோராக நடக்கிறார். நடிக்கிறார் என்று அம்மாவுக்குக் கோபம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், நடிப்பே இல்லை. யோசிக்காமல் அடுத்த அடி வைக்க, மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்கிலியாவும் மேலே அசைவுகளை நடத்தும் இயக்கப் புறணியும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். பார்க்கின்சனில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் அந்தப் பேச்சு விநாடிக்கு 13 முதல் 30 முறை துடிக்கும் பீட்டா அலையில் இறுகிவிடுகிறது. உள்ளிருந்து வரவேண்டிய ‘இப்போது வை’ என்ற குறிப்பு சரியாக வருவதில்லை. மேளம் அதை வெளியிலிருந்து கொடுக்கிறது. சும்மா உட்கார்ந்து தாளம் கேட்பவருக்குக்கூட இயக்கப் பகுதிகள் வேலை செய்யும். மேளத்தின் அடுத்த அடி விழுமுன்பே மூளை அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். அதனால்தான் கூட்டத்தில் நிற்பவர்களுக்கும் கால் ஆடுகிறது.

வீட்டில் போனில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் ஆப்) வைத்துப் பாருங்கள். வேகத்தை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும், கண்டபடி கூட்டினால் விழுந்துவிடுவார். வாசலில் தரையின் குறுக்கே கலர் டேப் ஒட்டி, அதைத் தாண்டச் சொல்வதும் பலருக்கு உதவுகிறது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆல்பா அலையை வரவழைக்கும் ஆப் என்று மாதச் சந்தா கேட்கிறார்கள். வாங்கலாமா?

மனித மூளை அலைகளை முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் வெளியிட்ட பதிவிலேயே இருக்கும் அலை அது, விநாடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும். பெரும்பாலானவர்களுக்குக் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தாலே பின்மண்டைப் பக்கம் வந்துவிடும். அதற்கு எதற்குச் சந்தா?