நிறுவனங்கள் ஏன் கூட்டமாகத் தோன்றி, கூட்டமாக மறைகின்றன?

இதை ஆராய்வதுதான் நிறுவனச் சூழலியல். ஒரு கம்பெனியைத் தனியாகப் பார்க்காமல், ஒரே வகைக் கம்பெனிகளைக் காட்டு உயிர்க்கூட்டம் போலப் பார்ப்பது. 1977-இல் ஹன்னன், ஃப்ரீமன் என்ற சமூகவியலாளர்கள் முன்வைத்த பார்வை இது.

ஊட்டியின் ஹோம்மேட் சாக்லேட் கடைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கடைக்காரர், வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்து, “இங்கேயே செய்தது” என்று விளக்க வேண்டும். பத்துக் கடை வந்தபின் விளக்கமே வேண்டாம். கடன்கூடச் சுலபமாகக் கிடைக்கும். அப்புறம் தெருவுக்குத் தெரு கடை. ஆனால் சீசன் என்னவோ அதே ஏப்ரல், மே தான். சிலர் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

சூழலே மாறினால் இன்னும் கஷ்டம். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபிலிம் தயாரிக்கவென்றே அமைந்த ஆலை. டிஜிட்டல் கேமரா வந்ததும் ஃபிலிம் சுருளுக்கே வேலையில்லை. பெரிய நிறுவனம் கொண்டை ஊசி வளைவில் லாரி போல, மெதுவாகத்தான் திரும்பும்.

மூடிவிட்டாலே நிர்வாகம் மோசம் என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக நடந்த கடைகளும் நெரிசலில் மூடியதுண்டு.