குடியை நிறுத்தக் கூட்டம் தேடுகிறீர்களா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் டாக்டர் இல்லை. 14 வருடமாகக் குடிக்காத குடிநோயாளி, அவ்வளவுதான். பெயர் கேட்காதீர்கள், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் (ஏ.ஏ.), அதாவது குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் எங்கள் குழுவில், வழக்கம் அப்படி.

கேள்வி: அண்ணா, கோவையில் இருக்கிறேன். ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்கள் இருக்கும். அதை மட்டும் நம்பிக் கிளம்பாதே, இடமும் நேரமும் மாறியிருக்கும், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போ. அப்படியே ஓப்பன் மீட்டிங்கா க்ளோஸ்டு மீட்டிங்கா என்றும் கேள். ஓப்பன் என்றால் மனைவி, நண்பர், சும்மா பார்க்க வருபவர் யாரும் உட்காரலாம். க்ளோஸ்டு என்றால் குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மட்டும். போதை மீட்புக்கென்றே அரசின் 14446 எண் இருக்கிறது, இலவசம், அங்கேயும் விசாரிக்கலாம்.

வாசலில் பெரிய போர்டெல்லாம் எதிர்பார்க்காதே. பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஓர் அறை. முதல் நாள் நான் எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடையில் மூன்று டீ குடித்தேன், உள்ளே போகத் தைரியம் வரவில்லை. நாலாவது கேட்டபோது கடைக்காரரே “மீட்டிங்கா சார்? மாடியேறி இடது பக்கம்” என்றார். உள்ளே ஏழெட்டுப் பேர், கடகடவென்று ஒரு ஃபேன், தட்டில் மாரி பிஸ்கட். அங்கே யார் என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது, அதனால் என் கதையோடு நிறுத்துகிறேன்: கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், ஒன்றரை மணி நேரம் வாயே திறக்கவில்லை, அதை யாரும் ஒரு குறையாகவும் பார்க்கவில்லை. ஒரு குரூப் ஒத்துவராவிட்டால் இன்னொன்று போய்ப் பார்.

கேள்வி: கட்டணம் எவ்வளவு?

கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இஷ்டமிருந்தால் போடலாம்.

கேள்வி: தினம் இரண்டு குவாட்டர். நாளையிலிருந்து மொத்தமாக நிறுத்திவிட்டு, தெளிந்த பிறகு கூட்டத்துக்குப் போகலாமா?

வேண்டாம். வருடக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதற்கடுத்து ஆள் பிதற்றுவார், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள், மருந்து கொடுத்துப் பத்திரமாக நிறுத்துவார்கள். கூட்டத்துக்கு இன்றைக்கே போகலாம், அதற்குத் தெளிந்துதான் வரவேண்டும் என்றில்லை. கலாட்டா பண்ணாமல் உட்கார்ந்தால் போதும்.

கேள்வி: சார், என் கணவர் எங்கேயும் வரமாட்டேன் என்கிறார். சாம்பாரில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறதாமே?

அம்மா, அதை மட்டும் செய்யாதீர்கள். சாராயம் உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற விஷம் வரும், கல்லீரல் அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை கல்லீரலின் அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. அது கலந்திருப்பது தெரியாமல் சாராயம் குடித்தவருக்கு முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் சரிந்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும். டாக்டர்கள் அதை நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள். விற்கிற பொடியில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, 1951-லிருந்து நடக்கிறது, ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ் வில்சன் ஆரம்பித்தவர்களில் ஒருவர்.

கேள்வி: நான் பெரியார் வழி. குடியை விட ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் பாதி கடவுள்தான். எனக்கு அங்கே என்ன வேலை?

நல்ல கேள்வி. அந்தப் படிகளைச் சொல்லும் ஏ.ஏ. புத்தகம் 1939-இல் வருவதற்கு முன்பே இதே சண்டை நடந்திருக்கிறது. ஜிம் பர்வெல் என்ற நாத்திகர் விடாமல் மல்லுக்கட்டியதில்தான் ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்ற சொற்கள் உள்ளே வந்தன.

அவரே மறுபடி: சொல்லை மாற்றினால் ஆச்சா? பிரார்த்தனை சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், மறைக்கவில்லை. எனக்கும் நம்பிக்கை கிடையாது, எழுந்து நிற்பேன், வாய் திறக்கமாட்டேன். என்னைவிடப் பெரிய சக்தி என்றால் எனக்கு அந்த அறையில் இருக்கிற எட்டுப் பேர்தான், ராத்திரி பதினொரு மணிக்கு டாஸ்மாக் ஞாபகம் வந்தால் போனை எடுப்பது அவர்கள்தானே.

இன்னொருவர்: கடவுள் இல்லாமல் குடியை விட முடியாது. என்னைக் காப்பாற்றியது முருகன்.

ஐயா, சந்தோஷம், முருகன் உங்களோடு இருக்கட்டும். ஆனால் முடியாது என்று சொல்லாதீர்கள், இதைத் தட்டச்சு செய்பவனே சாட்சி. 2020-இல், மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ.வை ஒட்டிய முறைகள் மற்ற சிகிச்சைகளைவிடக் குறைந்ததாக இல்லை, கொஞ்சம் கூடுதலாகவே பலன் தந்தன. எதனால் என்று கேட்டால் என் பதில் அந்தப் போன்தான். அதையும் மீறிக் கடவுள் பேச்சே ஆகாது என்பவர்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி என்ற வேறு குழு இருக்கிறது, ஆன்லைனிலும் நடக்கிறது. இதோடு கடவுளை விட்டுவிடுவோம்.

கேள்வி: சேர எவ்வளவு பணம் ஆகும்?

மேலே பாருங்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் கல்லீரலைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு எனக்கு 210. கல்லீரல் சரியாகுமா?

டாக்டரிடம் காட்டுங்கள், இன்றைக்கே.

கேள்வி: பெண்கள் வரலாமா? தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிட்டால்?

வரலாம். தயக்கமாக இருந்தால் பெண்களுக்கு மட்டுமான ஆன்லைன் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு உட்காருங்கள். என் மூன்றாவது கூட்டத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

கேள்வி: நாளைக்கே குடியை நிறுத்தப் போறேன், வாழ்த்துங்க.

வாழ்த்து அப்புறம். இரண்டு குவாட்டர்காரருக்கு மேலே எழுதியதை முதலில் படி.