தூசியளவு பாகத்தைப் பொறுக்கும் ரோபோவும் தங்கச்சிமடத்துப் பெண்ணின் படிப்பும்

அன்புள்ள சகோதரிக்கு,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உங்கள் மகள் மெக்கட்ரானிக்ஸ்தான் (இயந்திரமும் மின்னணுவியலும் சேர்ந்த படிப்பு) படிப்பேன் என்று நிற்கிறாள். "தூசி மாதிரி இருக்கிற சாமானையெல்லாம் ரோபோவே பொறுக்கி வைக்குதாம், அப்புறம் இவளுக்கு என்ன வேலை மிஞ்சும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த இயந்திரம் எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

உங்கள் போனுக்குள் இருக்கும் கெபாசிட்டர் என்ற, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகங்களில் 0.4 மில்லிமீட்டர் நீளம், 0.2 மில்லிமீட்டர் அகலம் உள்ளவையும் உண்டு. தரையில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. 8 மில்லிமீட்டர் அகல நாடாவில் குழிக்கு ஒன்றாக வைத்து, சுருளாகச் சுற்றி ஆலைக்கு வரும். பாகங்களை எடுத்து வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் இயந்திரம் நாசில் என்ற ஊசி போன்ற குழாயால் காற்றை உறிஞ்சி ஒவ்வொன்றையும் தூக்கும். கேமராவில் கோணம் பார்த்துத் திருத்தி, சால்டர் பேஸ்ட் (சூட்டில் உருகிப் பாகத்தை ஒட்டவைக்கும் உலோகப் பசை) தடவிய மின்பலகையில் வைக்கும்.

இதில் எடுப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். மேற்பரப்பு நூறில் ஒன்றாகத்தான் குறையும். அதனால் சிறுக்கச் சிறுக்க எடையைவிட ஒட்டிக்கொள்ளும் விசை ஓங்கிவிடுகிறது. தலைமுடியைவிட மெல்லிய பாகங்களைக் கையாளும் ரோபோவில், இடுக்கியைத் திறந்த பிறகும் பாகம் கீழே விழாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். காற்று வறண்டால் நிலைமின்சாரம் இழுக்கும். ஈரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் பிடித்துக்கொள்ளும். இதற்காகவே அறையின் ஈரப்பதத்தை அளந்து அளந்து வைத்திருப்பார்கள். ஈரமும் உப்புக்காற்றும் ஒரு மின்பலகையை என்ன செய்யும் என்று உங்கள் தங்கச்சிமடம் கரையில் படகின் ஜிபிஎஸ் கருவியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

நாசில் அடைத்துக்கொள்ளும். நாடாவை நகர்த்தித் தரும் ஃபீடர் ஒரு குழி தள்ளி நிற்கும். பலகையைச் சூடாக்கும் அடுப்பில் ஒரு முனை சால்டர் முந்தி உருகினால் பாகம் செங்குத்தாக எழுந்து நின்றுவிடும். தவறு நடந்ததைக் கேமரா சொல்லும். பேஸ்ட் குறைந்ததா, சூடு சரியில்லையா, பாகம் கோணலாக உட்கார்ந்ததா என்று காரணத்தைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த டெக்னீஷியன் வேலைக்குத்தான் உங்கள் மகள் தயாராக வேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு போதும் என்று ஆபரேட்டராக எடுப்பார்கள். விடுதியும் வேனும் இருக்கும், சம்பளம் உடனே வரும். வீட்டுக் கஷ்டத்தில் அது பெரிய ஆசைதான். ஆனால் சுருள் மாற்றிப் போடும் வேலையோடு நின்றுவிட்டால், அந்த வேலையும் இயந்திரத்துக்குப் போகும் நாளில் அவள் கையில் ஒன்றும் இருக்காது. இரண்டு வருடம் பொறுக்கச் சொல்கிறேன்.

ஏன் இரண்டு என்றால், பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவோ தொழிற்பிரிவோ படித்தவர்கள் மூன்று வருட டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசு பாலிடெக்னிக்கை முதலில் பாருங்கள். மெக்கட்ரானிக்ஸ் கிடைக்காவிட்டால் இசிஇ (மின்னணுவியல், தகவல் தொடர்பு) எடுக்கட்டும், குறையே இல்லை. டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் வழி உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்ததும் கல்லூரியிலேயே கேட்டு விண்ணப்பியுங்கள். ஐடிஐதான் வசதி என்றால், தொழில் 4.0 (கணினியும் ரோபோவும் சேர்ந்த புதிய உற்பத்தி முறை) பிரிவு உள்ள அரசு ஐடிஐ எது என்று விசாரியுங்கள். அங்கே தொழிற்சாலை ரோபோ பயிற்சி உண்டு. பெயரில் ரோபோட்டிக்ஸ் இருக்கிறது என்பதற்காக லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடத்துக்கு நகையை அடகு வைத்துப் போகாதீர்கள்.

கண் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். உற்பத்தி லைனில் பாகங்களைப் பார்ப்பது கேமரா; டெக்னீஷியன் பார்ப்பது திரையை. பழுதான பலகையை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துத் திருத்தும் ரீவொர்க் வேலையில்தான் கண்ணும் கழுத்தும் உண்மையாகவே வலிக்கும். வேலையில் சேரும்போது அது எத்தனை மணி நேரம், இடைவேளை உண்டா என்று கேட்டே ஆகவேண்டும்.

சேர்க்கைக்கு முன் ஒரு காரியம். ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ மைக்ரோஸ்கோப் வைத்து போன் பலகை பழுது பார்க்கும் கடைக்கு அவளை அழைத்துப் போங்கள். தெரிந்தவர் கடை என்றால் நல்லது. பழைய பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, இடுக்கியால் ஒரு பாகத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை யாருக்கும் வராது, அது பரவாயில்லை. பாகம் தெறித்துப் போனதும் சலித்துக்கொள்கிறாளா, ஏன் தெறித்தது என்று கடைக்காரரைக் கேட்கிறாளா என்று மட்டும் பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள், எந்தப் பிரிவு என்று அதை வைத்து முடிவு செய்வோம்.