இயந்திரம் கண்டுபிடித்தால் காப்புரிமை யாருக்கு? கேள்வி பதில்

காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதுவது என் தொழில். செயற்கை நுண்ணறிவு பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்திருக்கின்றன. என் துறைக்குள் வருபவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு ஏஐ தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தால், அதன் பெயரையே கண்டுபிடிப்பாளர் என்று எழுதலாமா சார்?

எழுதிப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்க ஏஐ ஆய்வாளர் ஸ்டீபன் தேலர், தன்னுடைய 'டாபஸ்' என்ற ஏஐ உருவாக்கியதாகச் சொல்லி இரண்டு பொருள்களுக்கு 2018 முதல் பல நாடுகளில் விண்ணப்பித்தார். ஒன்று, ஃப்ராக்டல் வடிவச் சுவர் (ஒரே வடிவம் சிறிதும் பெரிதுமாகத் திரும்பத் திரும்ப வருவது) கொண்ட உணவுக் கொள்கலன். மற்றது, கண்ணில் சட்டென்று படும்படி விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு. இரண்டிலும் கண்டுபிடிப்பாளர் இடத்தில் டாபஸ் பெயர்தான்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல், சட்டம் சொல்லும் 'தனிநபர்' மனிதர்தான் என்றது. பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் 2023 டிசம்பரில் ஒருமனதாக மறுத்தது. ஆஸ்திரேலியாவில் 2021-இல் ஒரு நீதிபதி ஏஐயும் கண்டுபிடிப்பாளராகலாம் என்றார். அடுத்த ஆண்டே ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அதை மாற்றிவிட்டார்கள். தென்னாப்பிரிக்கா மட்டும் 2021-இல் கொடுத்தது. அப்போது அங்கே படிவம் சரியா என்றுதான் பார்த்தார்கள், கண்டுபிடிப்பின் தகுதியை ஆராயவில்லை. அதனால் அதை முன்னுதாரணமாகக் காட்டாதீர்கள்.

இந்தத் தீர்ப்புகளில் எதுவும் ஏஐ உதவியோடு செய்ததற்குக் காப்புரிமை கிடையாது என்று சொல்லவில்லை. இந்த வழக்குகளில் தேலர் தானே கண்டுபிடிப்பாளர், டாபஸ் தன் கருவி என்று வாதாடவில்லை. 2024-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் மனிதர் ஒருவரின் பெயர் கட்டாயம் என்றது. கூடவே ஏஐ பயன்படுத்தியதைக் குறிப்பிடவும் இடம் கொடுத்தது. எனக்கு நியாயமாகப் படுவது இதுதான்.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் கேட்டு ஒரு கருவிக்கான யோசனை வாங்கினேன். என் பெயரில் விண்ணப்பிக்கலாமா?

நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. முழுமையான, இயங்கக்கூடிய ஒரு வடிவம் உங்கள் மனதில் உருவானதா என்றுதான் அமெரிக்கச் சட்டம் கேட்கிறது. பிரச்சினையைத் தட்டச்சு செய்து, வந்த விடையை அப்படியே எடுத்திருந்தால் உங்கள் நிலை பலவீனம். வந்ததில் எது வேலை செய்யாது என்று கண்டு, மாற்றி, செய்து பார்த்து ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தால் உங்கள் பக்கம் சொல்ல ஒரு வாதம் இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இதற்காக 2024 பிப்ரவரியில் ஒரு வழிகாட்டி தந்தது, 2025 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்று வேறொன்று தந்தது. இரண்டிலும் கண்டுபிடிப்பாளர் மனிதர்தான்.

எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. நீங்கள் கேட்டது, அது சொன்னது, நீங்கள் மாற்றியது எல்லாவற்றையும் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். விண்ணப்பிக்கும் முன் முழு விவரத்தையும் பொதுவான சாட்பாட்டில் ஒட்டாதீர்கள். முன்கூட்டி வெளியே வந்துவிட்டால் ஐரோப்பா போன்ற இடங்களில் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். அப்படி வெளியானதாக ஆகுமா ஆகாதா என்று வழக்காடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்?

கேள்வி: ஏஐ வரைந்த படத்துக்கு?

அது பதிப்புரிமை, வேறு சட்டம். அந்தத் துறை வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: கூகுளின் ஏஐயான ஜெமினியை இணைக் கண்டுபிடிப்பாளராகப் போடலாமா?

முடியாது. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (மருந்து ஆய்வில் இருப்பவர்): சட்டம் என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும் சார், என்ன சொல்ல வேண்டும்? மூலக்கூறைத் தேடிக் கொடுத்தது ஏஐ என்பதற்காகக் காப்புரிமை மறுத்தால் மருத்துவச் சோதனைக்கு யார் பணம் போடுவார்கள்?

இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன் மேடம். காப்புரிமை ஓர் ஒப்பந்தம். நீங்கள் ரகசியத்தை உலகுக்குச் சொல்கிறீர்கள், உலகம் உங்களுக்கு 20 ஆண்டு தனியுரிமை தருகிறது. இயந்திரத்துக்கு ஊக்கம் தேவையில்லை, அதன் பின்னால் உள்ள முதலீட்டுக்குத் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் செலவு சோதனைக்கானது. சோதனைத் தரவைப் பிறர் தங்கள் மருந்துக்கு அனுமதி வாங்கப் பயன்படுத்தாமல் பாதுகாக்கத் தனி ஏற்பாடு உண்டு: அமெரிக்காவில் புதிய வேதி மருந்துக்கு 5 ஆண்டு, உயிரியல் மருந்துக்கு 12 ஆண்டு.

என் கவலை வேறு. துறையறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை தரக் கூடாது என்பது அடிப்படை விதி. அந்த ஒருவரின் மேசையில் இன்று ஏஐ இருக்கிறது. எல்லாரிடமும் உள்ள அதே ஏஐ, அதே கேள்விக்கு அதே விடையைத் தருமானால், முதலில் கேட்டவருக்கு 20 ஆண்டு கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்?

2020-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு அறிவித்த ஹாலிசினை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நீரிழிவுக்காக ஆராயப்பட்ட மூலக்கூறு அது. பாக்டீரியாவைக் கொல்லும் என்று கணித்தது ஏஐ. ஆனால் எந்தத் தரவில் பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்ததும், ஏஐ தந்த பட்டியலிலிருந்து பொறுக்கியதும், எலிகளில் சோதித்ததும் மனிதர்கள். இப்படிப்பட்ட உழைப்புக்கு நான் எதிரி இல்லை.

அவரே: ஐந்து ஆண்டு போதாது சார். அமெரிக்கச் சட்டத்திலேயே, கண்டுபிடிப்பு எந்த விதத்தில் உருவானது என்பதற்காகக் காப்புரிமையை மறுக்கக் கூடாது என்று இருக்கிறதே. நீங்கள் தடை போட்டால் எல்லாரும் மனிதர் பெயரைப் பொய்யாக எழுதுவார்கள், அவ்வளவுதான்.

மூன்றுமே வலுவான வாதங்கள். ஐந்து ஆண்டு குறைவு என்றால் நீட்டச் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். அது சோதனை செய்தவருக்கு மட்டும் போகும், கணினியில் பட்டியல் தயாரித்தவருக்குப் போகாது.

அந்தச் சட்டவரி உண்மை. அதனால்தான் யார் கண்டுபிடித்தது என்பதில் தடை போடச் சொல்லவில்லை. எளிதில் தோன்றுமா என்ற அளவுகோலை உயர்த்தச் சொல்கிறேன், மனிதர் கண்டுபிடித்ததற்கும் சேர்த்தே. அப்போது பொய்ப் பெயர் எழுதினாலும் பயனில்லை.

பொய் எழுதுவார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாதது. விண்ணப்பத்தில் சொன்ன கண்டுபிடிப்பாளர் உண்மையானவரா என்று ஐரோப்பிய அலுவலகம் சரிபார்ப்பதே இல்லை, விதியே அப்படி. ஏஐ எந்தக் கட்டத்தில் என்ன செய்தது என்று விண்ணப்பத்தில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். மறைத்தால் காப்புரிமை போய்விட வேண்டும். ஒருவர் தன் மூளையால் செய்யாததைச் செய்ததாகக் கையெழுத்துப் போடுவதை ஏற்றுக்கொண்டால், இரவு பகலாக ஆய்வகத்தில் நின்றவரின் பெயருக்கும் மதிப்பு போய்விடும்.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் ஏஐயை வைத்து லட்சக்கணக்கில் உருவாக்கி வெளியிட்டுவிட்டால் மற்றவர்களுக்கு எதுவுமே மிஞ்சாதே?

நல்ல கேள்வி. 2023-இல் கூகுளின் ஏஐ ஆய்வு நிறுவனமான டீப்மைண்ட் 22 லட்சம் படிக அமைப்புகளை (திடப்பொருள்களில் அணுக்கள் அடுக்கப்படும் விதங்களை) கணித்ததாக அறிவித்து, அவற்றில் நிலையானவை என்று கருதிய சுமார் 3,80,000-ஐ வெளியிட்டது. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே மற்றவர்கள் காப்புரிமை பெறும் வழி எல்லாம் அடைபட்டுவிடாது. துறையறிந்தவர் அதைப் படித்துச் செய்துகாட்ட முடியுமா என்பதும் முக்கியம். பல அமைப்புகளை எப்படித் தயாரிப்பது என்பதே இன்னும் திறந்த கேள்வி. அங்கேதான் உங்களுக்கு இடம்.

கேள்வி: சார், என் ரோபோவின் பெயரை...

முடியாது. இந்தக் கேள்வி இனி வந்தால் பதில் எழுத மாட்டேன். மேலே உள்ளதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: வடிவமைப்பை ஏஐ கொடுத்தது, நான் மூன்று இடங்களில் திருத்தி ஓட வைத்தேன். மேலாளர் தன் பெயரைக் கண்டுபிடிப்பாளராகப் போடச் சொல்கிறார். ஏஐக்கு சந்தா கட்டியது அவராம்.

பணம் கட்டியவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார் தம்பி. உரிமையாளர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறு. வேலை ஒப்பந்தப்படி உரிமை நிறுவனத்துக்குப் போகலாம், அதில் தகராறு வேண்டாம். ஆனால் பெயர் உங்களுடையது. தெரிந்தே தவறான பெயரைப் போட்டால் அமெரிக்காவில் அந்தக் காப்புரிமையே பின்னால் செல்லாமல் போகலாம். மேலாளரிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள், நிறுவனத்தின் நட்டத்தைப் பற்றிப் பேசினால் கேட்பார். அந்த மூன்று திருத்தங்களையும், ஏன் செய்தீர்கள் என்பதையும் இன்றே தேதியோடு எழுதி வையுங்கள்.