கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகுமா?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் கிராமத்து வீடு எங்களுடையது. குடிக்க, சமைக்க எல்லாமே போர்வெல் தண்ணீர்தான். ஒகேனக்கல் தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒருமுறை குழாயில் வருகிறது. 10 வயது மகனுக்குப் பற்களில் பழுப்புக் கறை. மகளுக்கு 3 வயது. ஆர்.ஓ. என்ற தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்க வந்தவர் மீட்டர் வைத்துப் பார்த்து, டி.டி.எஸ். 1,100 இருக்கிறது, கிட்னியில் கல் வரும் என்கிறார். கொதிக்க வைத்தால் போதும் என்கிறார் மாமியார். ஆர்.ஓ.வில் சத்து போய்விடும் என்கிறார் கணவர். மெஷின் வாங்கலாமா?

பதில்: கிட்னிக் கல்லை இப்போதைக்கு விடுங்கள் அம்மா. அதற்குப் பெரிய காரணம் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது மகனின் பல் கறை. உங்கள் மாவட்டத்தில் அப்படி இருந்தால் முதல் சந்தேகம் ஃபுளோரைடு மீதுதான்; நிலத்தடித் தண்ணீரில் கரைந்திருக்கும் இந்த உப்பு அதிகமானால் பல்லில் கறை வரும். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டமே அதற்காக வந்ததுதானே.

அந்த மீட்டர் காட்டும் டி.டி.எஸ்., தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஃபுளோரைடு எவ்வளவு, கிருமி உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்தியத் தர அளவுப்படி டி.டி.எஸ். 500-க்குள் இருப்பது நல்லது; வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். ஃபுளோரைடுக்கு அந்த அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மிஞ்சிப்போனால் 1.5. (சிலர் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் பழுப்பாவதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். கரைவது அவர்கள் கொண்டுவந்த இரும்புக் கம்பி!)

எனவே முதலில் போர்வெல் தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றிலிருந்தே குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர். சமையலை விட்டுவிடாதீர்கள், சோறும் பருப்பும் உறிஞ்சும் தண்ணீரோடு ஃபுளோரைடும் வயிற்றுக்குள் போகும். ஐந்து பேருக்கு நாளைக்கு 25 லிட்டர் என்று வைத்தாலும், ஐந்து நாளைக்கு 125 லிட்டர்தான். குழாய் வைத்த, மூடி போட்ட டிரம்மில் பிடித்து வையுங்கள். சொம்பை உள்ளே விட்டு மொள்ளக் கூடாது. நாள்கணக்கில் தேங்கும் தண்ணீர் என்பதால் குடிப்பதைக் கொதிக்க வையுங்கள். மாமியார் சொன்னது இந்தத் தண்ணீருக்குச் சரி. போர்வெல் தண்ணீருக்கு உதவாது: கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆவியாகிப் போன அளவுக்கு மீதித் தண்ணீரில் அது இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். சாதாரண கேண்டில் ஃபில்டரும், புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யு.வி. மெஷினும் ஃபுளோரைடை எடுக்காது. குளிக்க, துவைக்கப் போர்வெல் தண்ணீரே போதும்.

இப்படிச் சமாளிக்க முடிந்தால் மெஷின் செலவு தேவையில்லை. ஒகேனக்கல் தண்ணீர் போதாமல், ஃபுளோரைடும் 1.5-க்கு மேல் இருந்தால் ஆர்.ஓ. வாங்குங்கள், தயங்க வேண்டாம். கணவர் சொல்வதுபோல் கால்சியமும் மெக்னீசியமும் குறையும்தான். ஆனால் நமக்குக் கால்சியம் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. கேழ்வரகுக் களி, பால், மோர், கீரை வீட்டில் இருந்தால் அந்தக் கவலை வேண்டாம். ஃபுளோரைடு உடம்பில் சேர்வதையும் கால்சியம் குறைக்கும்.

வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். ருசிக்காகவும் டி.டி.எஸ்.ஸைக் கூட்டவும், சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு பல மெஷின்களில் உண்டு. அதைத் திறந்து வைத்தால் ஃபுளோரைடு திரும்ப உள்ளே வந்துவிடும். மூடச் சொல்லுங்கள். பொருத்திய பிறகு மெஷின் தண்ணீரையும் ஒருமுறை ஆய்வகத்தில் கொடுங்கள். கழிவாக வெளியேறும் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் இருக்கும். கழிப்பறைக்கு ஊற்றலாம், மாட்டுக்கு வைக்காதீர்கள்.

மகனைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபுளோரைடு கறைதான் என்றால் நல்ல தண்ணீர் குடிப்பதால் அது மறையாது. பார்வைக்குச் சரிசெய்யச் சிகிச்சை உண்டு, அவசரமில்லை. அவசரம் மகளுக்குத்தான். நிலைப்பற்களின் எனாமல் (பல்லின் வெளிப்பூச்சு) 8 வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிறது; கறை விழுவதும் அப்போதுதான். அவளுக்கு அந்த ஆபத்து இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்காமல், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.